ஜெரோம் கட்டிய விளக்கு

அணைத் தண்ணீருக்கு நடுவே சிவப்பாக ஒன்று மினுங்கி அணைந்தது. மறுபடி மினுங்கியது. பரிசலைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கி வந்த சின்னான் அதைக் கரையில் போட்டுவிட்டுப் பார்த்தபடியே நின்றான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நேற்று அங்கே விளக்கு இல்லை.

"பாறைங்கண்ணா," என்றான் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஜெரோம். "கோபிப் பக்கம் வயலுக்குத் தண்ணி தொறந்து உட்டதுல மட்டம் எறங்கிப்போச்சு. மொழங்கை ஆழத்துல கெடக்குது, கண்ணுக்குத் தெரியாது. காலைல எம் பரிசலு ஒரசிப்போட்டுது. அதான், ரோட்டு வேலைல வெப்பாங்கல்ல, அந்த சோலார் லைட்டு ஒண்ணக் கேன்ல கட்டி உட்டிருக்கறேன்."

"எப்பருந்துடா ஊருக்குக் காவல்காரனான?"

"நம்பாட்டிப் போங்க. உங்களக் கேட்டுட்டா பாறை நிக்குது?"

அந்த அணையில் மிதக்கும் கேனை எவனும் நம்புவதில்லை. பாறை இருக்கிற இடத்தில் மீன் அண்டும். அதனால் பாறையைக் கண்டவன் வாயைத் திறக்க மாட்டான். நல்ல மீன் கிடைக்கிற இடத்தைத் தனக்கென்று பிடித்து வைக்க நினைப்பவனோ, காலி எண்ணெய்க் கேனைக் கல்லில் கட்டிப் போட்டுவிட்டு, பாறை கிடக்கிறது, வலை கிழியும் என்று சொல்லி வைப்பான். நிலம் இருக்கிறவர்கள் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறார்கள், இவர்களுக்குக் கேன். சின்னானும் போட்டிருக்கிறான். போன தை மாதம் ஜெரோம் போட்ட கேனுக்குப் பயந்து விலகிப் போய்க்கொண்டிருந்தவன், ஒருநாள் அதே இடத்தில் ஜெரோம் கட்லா மீன்களை வாரியெடுப்பதைப் பார்த்தான். டீக்கடையே சிரித்தது. இப்போது பொய்க்கு விளக்கு வேறா? விளக்கு வைத்துக் காக்கிற அளவுக்கு அங்கே என்ன கண்டான்?

வேறு நாளாயிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பான். இன்று மகள் பிரியா மேற்குக் கரையிலிருந்து வருகிறாள். வளைகாப்பு முடிந்த பிள்ளை பஸ்ஸில் குலுங்கக்கூடாது என்று மாப்பிள்ளை யஷ்வந்த் மோட்டார் படகில் கூட்டி வருகிறான். அக்கரையிலிருந்து நேராக வந்தால் விளக்கை ஒட்டித்தான் வழி.

"புள்ள வர்ற வழிங்க. ஒருக்கா பாத்துப்போட்டு வந்தர்லாம்," என்று அவன் மனைவி மாரக்காள் துடுப்பை எடுத்துக்கொண்டாள்.

கேனை நெருங்கியதும் சின்னான் மூங்கில் கழியைத் தண்ணீருக்குள் இறக்கினான். கை தோள்வரை நனைந்தும் தரை தட்டவில்லை. அந்தப் பக்கம் ஒரு குத்து, இந்தப் பக்கம் ஒரு குத்து. எல்லாம் வெறும் தண்ணீர். அவனுக்குச் சிரிப்பு வந்தது. பொய் என்று நினைத்தது பொய்யாகவே இருந்ததில் ஒரு குளிர்ச்சி.

"பாத்தியா? ஆளு முங்கற ஆழம். பாறையாம் பாறை!"

போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டான். "மாப்ள, செவப்பு லைட்டு தெரியுதுங்களா? அதையே புடிச்சு நேரா வாங்க. பாறையுமில்ல, ஒரு மண்ணுமில்ல. சுத்தி வந்தா இருட்டிப்போகும்."

வந்ததுதான் வந்தோம் என்று, பரிசலில் கிடந்த வலையைப் பிரிக்கத் தொடங்கினான். கேன் மாட்டிக்கொள்ளாதிருக்க, மாரக்காள் அதன் கயிற்றைப் பிடித்து ஒதுக்கப் பார்த்தாள். கயிறு ஒதுங்கவில்லை.

"ஏனுங்க, கல்லுல கட்டியிருந்தா கவுறு கீழதான போவோணும்?"

கயிறு கீழே போகவில்லை. தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டியே குச்சிபோல் விறைத்து மேற்கே போயிற்று. ஆடிக் காற்று காலையிலிருந்து கேனைக் கிழக்கே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை வருடம் தண்ணீரில் கிடந்தவனுக்கு அது தோன்றவில்லை. கேனைப் பார்க்கும் முன்பே அவன் ஜெரோமைப் பார்த்து முடித்திருந்தான்.

கயிற்றைப் பற்றி மாற்றி மாற்றி இழுத்தான். பரிசல் கயிற்றோடு மேற்கே ஊர்ந்தது. கயிறு முடிகிற இடத்தில், மூங்கிலை இறக்குவதற்குள் பரிசலின் அடி எதிலோ உரசி நின்றது. சின்னான் கையை விட்டான். முழங்கை நனையுமுன் சொரசொரவென்று பாறை. தடவத் தடவ அது மேற்கே நீண்டுகொண்டே போயிற்று.

மேற்கே, கவிந்துவரும் இருட்டில், மோட்டார் சத்தம் கேட்டது.

போனை அடித்தான். மணி போயிற்று, மோட்டார் இரைச்சலில் யார் காதில் விழும்? மாரக்காள் எழுந்து நின்று, "பிரியா! வராத கண்ணு! வராத!" என்று கத்தினாள். எதிர்க்காற்று அவள் குரலை அவள் முகத்திலேயே அடித்தது. சின்னான் கேனை இழுத்து, கத்தியால் விளக்கை அறுத்தெடுத்து, தலைக்குமேல் தூக்கி வேகமாக ஆட்டினான்.

படகிலிருந்து ஒரு டார்ச் மேலே எழுந்தது. அதுவும் ஆடியது, சந்தையில் தெரிந்த ஆளைக் கண்டு கை காட்டுவதுபோல. பிறகு படகின் மூக்கு நேராக விளக்கின் பக்கம் திரும்பியது.

அதையே புடிச்சு வாங்க என்று சொன்னவன் அவன்தான்.

"அமத்துங்க! அத மொதல்ல அமத்துங்க!"

அமத்துவதற்குப் பொத்தான் எங்கே என்று விரல்களுக்குத் தெரியவில்லை. விளக்கை வயிற்றோடு சேர்த்து அழுத்தி, மேலே குனிந்து, இரண்டு கையாலும் மூடினான். விரல் இடுக்குகளில் சிவப்பு வந்து வந்து போயிற்று. மோட்டார் சத்தம் பெரிதாகிக்கொண்டிருந்தது.