இத்தாலி உரையும் அக்கா கேட்ட கேள்வியும்

என் மனைவி பல்கலைக்கழகத்தில் வரலாற்று விரிவுரையாளர். வியாழக்கிழமைதோறும் மாலையில் இத்தாலியின் வரலாறு, பண்பாடு பற்றிப் பொது உரை நிகழ்த்துகிறாள். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்பதுதான் சிக்கல். ரோமில் ஆரம்பித்தபோது பாதி அறை நிறைந்திருந்தது. வெனிஸ் போய்ச் சேருவதற்குள் மாணவர்கள் கரைந்துபோனார்கள். வருகைப் பதிவுக்காகச் சிலரும், ஏ.சி.யில் உட்கார்ந்து போகலாம் என்று வருகிற ஓய்வுபெற்ற இரண்டு பேரும் மிஞ்சினார்கள். புரொஜெக்டரில் படம் மாற்ற நான்.

அவள் வேலை தற்காலிக வேலை. இந்த உரைகளுக்கென்று கொடுத்தது. உரை நின்றால் வேலையும் நிற்கும். அடுத்த ஆண்டு இது தொடர வேண்டுமா என்பதை நேரில் வந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்வதாகத் துறைத் தலைவர் சொல்லியிருந்தார். அதனால் அவர் வந்த வாரம் என் அக்காவையும் அழைத்துப்போனோம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். பிறகு என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் பெண்ணை வளர்த்தாள். அடுப்படி அவள் கைக்குப் போயிற்று. மனைவி மேடையில் இத்தாலியில் இருந்த நேரமெல்லாம் வீட்டில் இருந்தவள் அக்கா.

"அண்ணி, பேசி முடிச்சதும் யாரும் வாயே திறக்க மாட்டாங்க. நீங்க ஒரு கேள்வி கேக்கணும்" என்று காலையிலேயே மனைவி சொல்லிவைத்தாள். "ஃப்ளாரன்ஸ் சர்ச்சு மேல அவ்வளவு பெரிய உருண்டைக் கோபுரத்தை அடியில சாரம் முட்டுக் குடுக்காம எப்படிக் கட்டினாங்கன்னு கேளுங்க. அதுக்குப் படமெல்லாம் தயாரா இருக்கு."

"பதில் தெரிஞ்ச கேள்வியை எதுக்கும்மா கேக்கணும்?"

"என் பொழைப்பு ஓடணும்ல அண்ணி."

"அதானே பாத்தேன்" என்று அக்கா குக்கரை இறக்கினாள். நாங்கள் கிளம்பும்வரை அந்தக் கேள்வியை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைய உரை ஃப்ளாரன்ஸ் நகரத்துப் பெரிய குடும்பங்களைப் பற்றியது. மனைவிக்குக் குரல் கட்டியிருந்தது. விடைத்தாள் திருத்திய கண்கள் சிவந்திருந்தன. துறைத் தலைவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்றவர்களில் ஒருவர் தூங்கிவிட்டார். மற்றவர் அவரை இடித்து எழுப்பிவிட்டுத் தான் தூங்கினார். வங்கிகள், ஓவியங்கள், மாளிகைகள் என்று அவள் இழுத்துக்கொண்டே போனாள். நடுவில் போகிறபோக்கில் ஒன்று சொன்னாள்: பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் செலவு ஏறிக்கொண்டே போனதால், பல குடும்பங்கள் ஒரு பெண்ணுக்கு மட்டும் கல்யாணம் செய்துவிட்டு மற்றப் பெண்களைக் கன்னியர் மடத்தில் விட்டுவிட்டன. சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். மாற்றினேன்.

"ஏதாவது கேள்வி இருக்கா?" என்று முடித்தாள்.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து நின்றாள். நான் கோபுரப் படத்தைத் தேடி எடுத்துவைத்தேன்.

"அந்தப் பொண்ணுங்களைக் கொண்டுபோய் விட்டாங்கன்னு சொன்னியே, உனக்குச் சம்மதமான்னு அதுங்களை யாராவது கேட்டாங்களா?"

திரையில் கோபுரம் நின்றது. மனைவி அதைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"சடங்குக்கு ஒரு வார்த்தை கேப்பாங்க" என்றாள் மெதுவாக. "பதிலை முன்னாடியே வீட்டுல முடிவு பண்ணியிருப்பாங்க. நெஜமா யாரும் கேக்கலைன்னு சில பேர் எழுதியே வெச்சிருக்காங்க."

"உள்ள போய் என்ன பண்ணாங்க?"

"சமைச்சாங்க, தைச்சாங்க, நோயாளிகளைப் பாத்துக்கிட்டாங்க."

"அப்ப வீட்டுல இருந்த மாதிரியேதான்" என்றாள் அக்கா.

முன்வரிசை மாணவி ஒருத்தி சிரித்தாள். சிரித்தவளே அடுத்த கேள்வியைக் கேட்டாள்: ஓடிப்போனவர்கள் இல்லையா? தூங்கியவர் விழித்து, பையன்கள் நிலைமை என்ன என்றார். துறைத் தலைவர் செல்போனைப் பையில் போட்டார். மனைவி மேசையைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். காவலாளி வந்து சாவிக்கொத்தை ஆட்டிய பிறகுதான் கூட்டம் கலைந்தது.

துறைத் தலைவர் எங்களிடம் வந்தார். "உயிர் இருக்கும்மா உங்க கூட்டத்துல. அடுத்த வருஷமும் நடத்துங்க. காலையில பட்டியல் மேல போகுது, பேரைச் சேத்துடறேன். சரிதானே?"

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் மாதக்கணக்கில் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருந்தாள். சரி சார் என்பாள் என்று வயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"காலையில பட்டியல் போறதுக்குள்ள சொல்றேன் சார். வீட்டுல ஒருத்தரைக் கேக்கணும்."

"சாரைத்தானே? இதோ நிக்கிறாரே, கேளுங்க."

"இவரை இல்ல சார்."

அவர் என்னை ஒருமுறை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

அக்கா வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மனைவி பக்கத்தில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"சொல்லிக்குடுத்த மாதிரி கேக்கலைன்னு கோவமா?"

"இல்ல அண்ணி. அடுத்த வருஷமும் நடத்தச் சொல்றாங்க. நான் ஒத்துக்கிட்டா வீடு மறுபடியும் உங்க தலையிலதான் விழும். நடத்தட்டுமா?"

அக்கா பாதத்தைப் பிடிப்பதை நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள், நான் சொல்லிக்கொடுத்த கேள்வியோ என்பதுபோல. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"நான் வேண்டாம்னு சொன்னா?"

"வேண்டாம்னு சொல்லிடுவேன்."

"உன் வேலை போயிடுமே."

"போகும்."

தாழ்வாரத்து விளக்குகளைக் காவலாளி ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அக்கா.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. ஏறிய கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். மனைவியும் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இறங்க வேண்டிய நிறுத்தம் நெருங்கியது. எழுப்பு என்று மனைவி எனக்கு ஜாடை காட்டினாள். நீ எழுப்பு என்று நான் அவளுக்குக் காட்டினேன். நிறுத்தம் போய்விட்டது.