மிதவையில் போட்ட கறுப்பு ஒட்டு

ஓடப்போட்டி ஒன்பது மணிக்கு. ஏழேகாலுக்கு ஓடத்தை வண்டியிலிருந்து இறக்கும்போது, அது கவிழாமல் இருக்கப் பக்கவாட்டில் கட்டியிருந்த மிதவையின் மூக்கு துறைமுகச் சரிவின் சிமெண்டில் இடித்து, உள்ளங்கை நீளத்துக்குப் பிளந்துகொண்டது. துடுப்புப் போடப்போகிற ஆறு பெண்களும் ஒரே குரலில் அலறினார்கள். ஏழாவதாக நின்ற அகாயிதி மட்டும் ஒட்டுப் போடும் தன் பெட்டியை எடுக்க வேனுக்கு ஓடினாள்.

மூன்று வாரம் முன்புவரை அந்த ஆறில் ஒருத்தியாக இருந்தவள் அவள். மூன்றாவது இருக்கை அவளுடையது. கடைசியில் உட்கார்ந்து ஓடத்தைத் திருப்புகிற தலைவி தூவாயினே அவளுக்குச் சொந்த அண்ணி. அந்த அண்ணிதான் ஒருநாள் பயிற்சி முடிந்ததும், ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, இருபத்திரண்டு வயது தேயினாவை அந்த இடத்தில் உட்காரச் சொன்னாள். அகாயிதி சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். உள்ளேயே வைத்துப் புழுங்கினால் என்ன ஆகும் என்பதைப் போட்டியன்று காலை அவள் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

ஆனால் ஓட்டை அடைப்பதில் அவாருவா துறையில் அவளை மிஞ்ச ஆளில்லை. வெயிலில் வைத்தாலே இறுகிவிடுகிற ரெசின் பசைதான் அவள் வைத்திருப்பது. அன்று பார்த்து வானம் மூடிக் கிடந்தது. அதனால் தூறல் விழுந்தாலும் படாதபடி தார்ப்பாயைக் கட்டி, அதற்கடியில் வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதா டார்ச்சை எடுத்து வைத்தாள். விரிசலின் ஓரத்தைத் தேய்த்து, துடைத்து, நார்த்துணியை வெட்டும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

தூவாயினே தலைக்குமேல் வந்து நின்றாள். "கறுப்பு கலந்துடு."

"எதுக்கு அண்ணி? தண்ணிக்குள்ள யார் பாக்கப் போறா?"

"புது ஓடம்டி. பளபளன்னு கறுப்பா இருக்கு, அதுல வெள்ளையா ஒட்டுப் போட்டா அந்த அரோரங்கி ஊர்க்காரிங்க சும்மா இருப்பாளுங்களா? கிழிஞ்ச பாவாடையோட வந்துட்டாங்கன்னு அடுத்த வருஷம் வரைக்கும் சிரிப்பாளுங்க. கலக்குன்னா கலக்கேன். இல்ல, அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கப் போறியா?"

கடைசிக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அகாயிதி ரெசினில் கறுப்புச் சாயத்தைக் கலந்தாள். அண்ணி எப்போது நகர்ந்து தொலைவாள் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. அதில் நனைத்த மூன்று துணியையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே மூச்சில் படியவைத்து, ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச்சை அழுத்தினாள். ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்து, இடத்துக்கு இரண்டு நிமிடம் எண்ணி நகர்த்தினாள். முடித்து நகத்தால் தட்டியபோது கல்போலக் கேட்டது. ஆறு பேரும் கைகோத்து ஜெபம் செய்து, பூமாலைகளைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, ஓடத்தைத் தண்ணீரில் தள்ளினார்கள்.

கொம்பு ஊதிப் போட்டி தொடங்கியபின் அகாயிதி இடத்தைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். டூனா மீன் டப்பாவில் மிச்ச ரெசின் ஒரு விரல் ஆழம் இருந்தது. பச்சையாகக் குப்பையில் போடக்கூடாது, இறுகவைத்துத்தான் போட வேண்டும். டார்ச்சை இரண்டு நிமிடம் காட்டிவிட்டு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். மேலே ஒரு வட்டத் தகடு கழன்று விழுந்தது. அதன் பின்னால் கறுப்புக் குழம்பு வழிந்து அவள் கட்டைவிரலை நனைத்தது.

கறுப்புக்குள் அந்த வெளிச்சம் இறங்காது. இதை எத்தனை பேருக்கு அவளே படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். நிறம் கலந்தால் ஒவ்வொரு துணியாக ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காயவைக்க வேண்டும். அல்லது கலக்காமல் ஒட்டி, இறுகியபின் மேலே வர்ணம் பூச வேண்டும். அவள் செய்திருப்பதோ மேலே ஒரு ஓடு, அடியில் சளி. அடியில் பிடிப்பே இல்லை. நாலு அலை அடித்தால் முழுசாகக் கழன்று போய்விடும். மிதவையில் தண்ணீர் ஏறினால் ஓடம் அந்தப் பக்கம் சாயும். போட்டி வழியில் கிழக்கே, காற்று அடிக்கிற பக்கம், பவளத்திட்டின்மேல் அலை வீடு உயரத்துக்கு உடைகிற இடத்தில் சாய்ந்தால் ஆறு பேரையும் பவளப்பாறையில் கொண்டுபோய் அரைத்துவிடும்.

துறையில் அவளுடைய சித்தப்பா மகன் பூனா, ஓடச் சங்கத்தின் காவல் படகில் உட்கார்ந்து பொரித்த பன் தின்றுகொண்டிருந்தான்.

"பூனா, கிளப்பு! அவங்களை நிறுத்தணும்."

"நிறுத்துறதா? படகு கிட்ட போய்த் தொட்டா ஓடம் போட்டியிலருந்து வெளிய. தெரியும்ல?"

"ஒட்டு அடியில காயலடா. ஈரமா இருக்கு."

"நீ தட்டிப் பாத்தத நானும்தானே பாத்தேன். டக்கு டக்குன்னுச்சு." பூனா பன்னைக் கீழே வைத்தான். "அகா, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்காத. உன் எடத்துல அந்தப் பொண்ணு உக்காந்திருக்கான்னு..."

"கிளப்புடா நாயே!"

அவன் கிளப்பினான். ஆனால் சொல்ல வந்தது சொல்லப்பட்டுவிட்டது. கூடப்பிறந்தவன் மாதிரி வளர்ந்தவனே இப்படி நினைக்கிறான் என்றால் ஊர் என்ன நினைக்கும்? ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தொப்பி போட்ட எத்தனை தலைகள் அவளைப் பார்த்துத் திரும்பும்? ஒருவேளை மிதவையில் ஒட்டு மெல்லிசாகப் படிந்திருந்தால்? அடிவரை இறுகியிருந்தால்? ஒரு வருஷ உழைப்பைப் பொறாமையில் கெடுத்தவள் என்ற பெயர் செத்தாலும் போகாது. சாரல் முகத்தில் அறைய, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் உதடு அசைய வேண்டிக்கொண்டே வந்தாள்.

திட்டின் கிழக்கு முனைக்குச் சற்று முன்னால் ஓடம் கண்ணில் பட்டது. இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது. முன்னே போன அரோரங்கி ஓடத்துக்கும் அதற்கும் நாலு ஓட நீளம்கூட இல்லை. ஆறு துடுப்புகளும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தன. அவ்வளவு அழகாக அவர்கள் துடுப்புப் போட்டு அவள் பார்த்ததே இல்லை. அதுவும் அவளுக்கு வலித்தது.

"தள்ளிப் போ!" தூவாயினே கத்தினாள். "பூனா, உனக்குப் பைத்தியமா?"

"அண்ணி, நிறுத்து! ஒட்டு காயல! உள்ள ஈரம்!"

"தெரியும்டி! மூணு வாரமா நீ எதுக்குக் காத்துட்டிருந்தேன்னு தெரியும்! வயித்தெரிச்சல் புடிச்சவளே, போயிடு!"

யாரும் நிறுத்தவில்லை. மூன்றாவது இருக்கையில் தேயினா மட்டும் ஒரு கணம் மிதவைப் பக்கம் திரும்பினாள். அவள் துடுப்பு தப்பியது, ஓடம் ஒரு குலுக்குக் குலுங்கித் தயங்கியது. அந்தத் தயக்கத்தில் அகாயிதி கடலில் குதித்தாள். நாலு வீச்சில் மிதவையை எட்டி இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். தூரத்தில் நடுவர் படகிலிருந்து விசில் நீளமாகக் கேட்டது. அவர்களுக்குப் போட்டி அதோடு முடிந்தது.

தூவாயினே துடுப்பை ஓடத்துக்குள் வீசி எறிந்தாள். "காட்டு. எங்க ஈரம்? காட்டுடி!"

அகாயிதி கட்டைவிரலால் ஒட்டை அமுக்கினாள். கல். இன்னும் ஓங்கி அமுக்கினாள். கல்தான். கால்சட்டைப் பையிலிருந்த சுரண்டுகத்தியை எடுத்து, ஒட்டின் ஓரத்தில் வைத்துக் குத்தினாள்.

கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வறுத்த மீனின் தோல் உரிவதுபோல ஒட்டு முழுசாக உரிந்து கையோடு வந்தது. அடியில் இருந்த கறுப்பு அவள் மணிக்கட்டுவரை வழிந்து, தண்ணீரில் மினுமினுப்பாகப் பரவியது.

"பாத்தியா?" அகாயிதி சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஈரம்! சொன்னேன்ல? பாத்தியா அண்ணி, ஈரம்!"

பூனா ஒரு பழைய துணியை எறிந்து, "அடைடி முதல்ல, அடை!" என்று கத்தினான். அவள் விரிசலில் துணியைத் திணித்தாள். தேயினா முந்நூறு அடி தள்ளி அலை உடைகிற திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூவாயினே முன்னால் குனிந்து நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். குரலில் இப்போது கோபம் இல்லை. "நாங்க சாக இருந்தோம். நீ சந்தோஷப்படுற."

அகாயிதியின் சிரிப்பு நின்றது. படகில் வரும்போது என்ன வேண்டிக்கொண்டு வந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடவுளே, இவர்களைக் காப்பாற்று என்று ஒருமுறைகூட அவள் கேட்கவில்லை. கடவுளே, அது ஈரமாக இருக்கட்டும் என்றுதான் வழியெல்லாம் கேட்டிருந்தாள்.

"ஆமா அண்ணி," என்றாள் அவள்.