பிளம் ஹாலோ எழுந்து போன வருஷம்

ரயில் பாதை நாலு மைல் தள்ளிப் போய்விட்டது என்று உறுதியான வசந்த காலத்தில், கன்சாஸ் புல்வெளியில் இருந்த பிளம் ஹாலோவின் வீடுகள் எழுந்து அதை நோக்கி நடக்க ஆரம்பித்தன. முதலில் போனது ஜெத்ரோ கோபர்னின் மளிகைக் கடை. மாவு மூட்டைகளும் வெல்லப்பாகுப் பீப்பாயும் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதரும் உள்ளே இருக்க, அது அஸ்திவாரக் கல்லைவிட்டு இறங்கிக் கோதுமை வயல் வழியாகத் தெற்கே போனது. அடுத்த வாரம் தேவாலயம் மணியடித்துக்கொண்டே கிளம்பியது. அதற்கும் அடுத்து ஊர்ச் சிறை, உள்ளே இருந்த ஒரே குடிகாரனோடு. மற்ற ஊர்களில் ஜனங்கள் வீட்டுக்கு அடியில் உருளைக் கட்டை கொடுத்து, எருது பூட்டி, ரயிலடிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பிளம் ஹாலோ வீடுகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

எல்லாம் முந்தின இலையுதிர் காலத்தில் செய்த வினை. ரயில்காரன் ஒருவன் வரைபடத்தோடு வந்து, ஊர் நடுவே நிலையம் கட்ட இடம் கேட்டான். தேவாலயத்தில் கூட்டம் போட்டார்கள். கோச்சு வண்டிச் சத்திரம் நடத்தும் தர்சா பெல்க்னாப் எழுந்தாள். "மேற்க போறவன் எல்லாம் என் வாசல்லதான் குதிரை மாத்துறான். இவனுக்கு வேணும்னா நம்ம காலடிக்கு வரட்டும். நாம ஏன் இடம் குடுக்கணும்?" என்றாள். கை தட்டினார்கள். புகை பட்டால் கோழி முட்டையிடாது, பசு பால் மறக்கும் என்று ஆளுக்கொன்று சேர்த்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட எல்லோரும் வேண்டாமென்று கை தூக்கினார்கள். ரயில்காரன் கோபப்படவில்லை. தர்சாவின் சத்திரத்திலேயே காப்பி குடித்துவிட்டு, பாம்பு மட்டுமே குடியிருந்த தெற்குப் பொட்டலில் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தான். ஆறே மாதத்தில் அங்கே நிலையம் முளைத்தது. ரயில்வே முதலாளியின் மைத்துனன் யாரோ ஒருவனுடைய பெயரை ஊருக்கு வைத்தார்கள். கோச்சு வண்டி நின்றுபோனது. அன்றைக்குக் கை தூக்கிய அத்தனை பேருக்கும் தர்சாவின் கை ஒன்றுதான் ஞாபகம் இருந்தது.

வீடுகளோடு போனவர்கள் அவளைப் பார்த்தால் துப்பினார்கள். அவளும் சும்மா இல்லை, திருப்பித் துப்பினாள். கோடை வந்தபோது பிளம் ஹாலோவில் சத்திரமும் கிணறுகளும்தான் மிச்சம். அப்புறம் சத்திரமும் தெற்குப் பக்கம் நகரத் தொடங்கியது. ஒரு காலையில் வாசற்படி ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. தர்சா, இறக்கத்தில் கோச்சுச் சக்கரத்தைக் கட்டும் சங்கிலியை எடுத்து வீட்டைச் சுற்றி, பின்னாலிருந்த பெரிய மரத்தில் பிணைத்துப் பூட்டுப் போட்டாள். சாவி அவள் கழுத்தில் தொங்கியது. வீடு நாள் முழுக்க முனகியது.

அவள் புருஷன் ஓரின், கோச்சு ஓட்டினவன், வீட்டின் கட்சி. "விட்டுத் தொலையேன்டி. வீடே துடிக்குது. நானும் எத்தனை நாளைக்கு இந்தக் குதிரைங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது?"

"போகணும்னா நீ போய்யா. உனக்குக் கால் இருக்கு. பின்னால ரெண்டு பேரு படுத்திருக்காங்களே, அவங்களுக்கு இருக்கா?"

சத்திரத்தின் பின்புறம் பிளம் புதரடியில் அவர்களுடைய பிள்ளைகள் லெமுவேலும் ஹெஸ்டரும் மண்ணுக்குள் கிடந்தார்கள். ஒன்பது வயது, ஆறு வயது. இரண்டு பனிக்காலத்துக்கு முன் தொண்டை அடைப்பான் நோய் ஒரே வாரத்தில் இருவரையும் கொண்டுபோனது. தர்சாவின் பிடிவாதத்தில் பாதி திமிர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். மறுபாதி இந்த இரண்டு கல்லறை மேடுகள்.

ஜெத்ரோ கோபர்ன் ஒருநாள் வந்தான். ரயிலடியில் இறங்குகிறவர்களுக்குத் தங்க இடமில்லை, சத்திரம் வேண்டியிருந்தது. கெஞ்ச வந்தவனுக்குக் கெஞ்சத் தெரியவில்லை. "யக்கா, ஒரு ஊரைக் கெடுத்தது பத்தாதா? கட்டிப்போட்ட நாய் மாதிரி அந்த வீடு அழுவுறது ரயிலடி வரைக்கும் கேக்குது. செத்தவங்களுக்காக இருக்கிறவங்க வயித்துல அடிப்பியா?" பாத்திரம் கழுவிய தண்ணீர் முழுவதையும் அவள் அவன் தலையில் ஊற்றினாள். அவன் நாலு மைலும் அவளை ஏசிக்கொண்டே நடந்தான்.

ஆகஸ்டு மாதத்தில், உச்சி வெயிலில், தர்சா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மேடுகள் இரண்டும் கிளம்பின. நடுகல் சாயாமல், மேலிருந்த புல் வாடாமல், பெரியது முன்னும் சின்னது பின்னுமாகப் புதரைத் தாண்டி அறுத்த வயலில் இறங்கின. ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அவள் ஓடினாள். "டேய் லெமுவேல், நில்லு. நில்லுன்னு சொல்றேன்ல?" நிற்கவில்லை. மண்ணைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். விரலிடுக்கில் மண்தான் வந்தது. வேறு வழியில்லாமல் கூடவே நடந்தாள். "மெதுவாப் போடா, தங்கச்சியால முடியல பாரு," என்று வழியெல்லாம் திட்டினாள். பெரிய மேடு அங்கங்கே நின்று சின்னதுக்காகக் காத்திருந்ததை, வயலில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழிவிட்டார்கள்.

ரயில் பாதையின் வேலியோரம் வந்து மேடுகள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தன. கிழக்கேயிருந்து வண்டி வந்தது. புகையும் இரும்புமாக அது கடந்துபோனது. அவள் பிள்ளைகள் ரயிலைப் பார்க்காமலே செத்துப்போனவர்கள். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆத்திரம் அழுகையாக வந்தது. "உங்களுக்காகத்தானடா ஊரோட எல்லாம் மல்லுக்கு நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்து நின்ற ஓரினின் மேல் சாவியை விட்டெறிந்தாள். "போ. போய் அவுத்து விடு."

சத்திரம் பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தது. தர்சா அதைப் பாதைக்கு முதுகு காட்டித்தான் நிற்கவிட்டாள். ரயிலடி ஊர்க்காரர்களோடு அவளுக்குக் கடைசிவரை பேச்சுவார்த்தை இல்லை. சாகும் மட்டும் ரயிலில் கால் வைக்கவுமில்லை. மேடுகள் இருந்த வேலியைக் கடக்கும் வண்டிகள் ஊதிவிட்டுப் போவது வழக்கமாகியிருந்தது. நாலு வருஷம் கழித்துப் புதிதாக ரயில் ஓட்ட வந்த ஒருவன் சும்மா கடந்துபோனான். மறுநாள் அவள் துணி துவைக்கும் கட்டையோடு தண்டவாளத்தின் நடுவே நின்றாள். வண்டி அவள் பாவாடையை உரசும் தூரத்தில் நின்றது. ஜன்னல்தோறும் தலைகள் நீண்டன.

"ஏம்மா, சாகணுமா உனக்கு?" என்று கத்தினான் ரயில் ஓட்டி வந்தவன்.

"நேத்து ஏன்டா ஊதாமப் போன? பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குல்ல?"

அவன் வேலியோரத்து நடுகற்களைப் பார்த்தான். ஊதல் கயிற்றைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தான். மேடுகளின் மேலிருந்த புல் அசைந்து அடங்கியது. அவள் தண்டவாளத்தைவிட்டு இறங்கி, இன்னும் ஏதோ வைதுகொண்டே வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு அந்தப் பாதைக்கு வரும் ஓட்டுநர்களுக்கு, தண்ணீர்த் தொட்டி எங்கே, பாலம் எங்கே என்று சொல்லிக்கொடுக்கும்போதே பெல்க்னாப் பிள்ளைகள் எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறார்கள்.