ஹாபுல்தாவின் இன்னொரு பெயர்

கல்கத்தாவில் எங்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். வீட்டில் செல்லமாகக் கூப்பிட ஒன்று, பள்ளிக்கூடத்துக்கும் பத்திரத்துக்கும் இன்னொன்று. டிராம் டிப்போவுக்கு எதிரே, நிபாரணின் டீக்கடை பெஞ்சில் பதினெட்டு வருஷமாகச் செல்லப் பெயர்தான் ஓடியது. நான் பொட்லா, பக்கத்தில் உட்காரும் சிநேகிதன் பிஷு, எங்களுக்கு மூத்தவர் ஹாபுல்; அண்ணன் என்பதற்கு 'தா' சேர்த்து ஹாபுல்தா.

காலை ஏழுக்கு உட்கார்ந்தால் பத்துக்குத்தான் எழுவோம். ஹாபுல்தா ஒரு கேள்வியோடுதான் வருவார். இலிஷ் மீன் கடலிலிருந்து ஆற்றில் ஏறும்போது தூங்குமா? பிறவிக் குருடனின் கனவில் நிறம் உண்டா? மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வோம். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன். வீட்டுக் கதை மட்டும் கூடாது. எவனாவது மருமகளைப் பற்றி வாயைத் திறந்தால், "அதெல்லாம் வீட்டோட வச்சுக்கய்யா, இங்க உலகத்தப் பேசு" என்று நான்தான் அடக்குவேன். பெரிய நாட்டாமை!

துர்கா பூஜை முடிந்த வாரம் ஹாபுல்தா மூன்று நாள் வரவில்லை. நானும் பிஷுவும் அதற்கும் ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டை போட்டோம். நான்காம் நாள்தான் நிபாரணிடம் விசாரித்தேன். சனிக்கிழமை நாங்கள் போன பிறகு அவர் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்ததையும், ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும் சொன்னான். ஏண்டா சொல்லவில்லை என்று கத்தினேன்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நீங்க கேக்கவே இல்லையே" என்றான்.

ஆஸ்பத்திரி ஜன்னலில் குமாஸ்தா பெயர் கேட்டார். ஹாபுல் என்றேன்.

"என்னையும் வீட்டுல ஹாபுல்னுதான் கூப்பிடுவாங்க. பத்திரத்துல இருக்கற பேரச் சொல்லுங்க. வீடு எங்க?"

"டிராம்ல வருவாரு" என்றான் பிஷு.

வார்டு வார்டாக அலைந்து கண்டுபிடித்தோம். பக்கவாதம். வலது கை அசையவில்லை, வாய் கோணியிருந்தது, பேச்சில்லை. அவர் கண் வாசலிலேயே கிடக்கிறது என்றும், வீட்டாருக்குச் சொல்லுங்கள் என்றும் நர்ஸ் சொன்னாள். யாருக்கு என்று சொல்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டேன்.

"ஹாபுல்தா, உங்க பேரென்ன? வீட்ல யார் இருக்கா? பையன் இருக்கானா?"

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது 'ஆமாம்' என்பதா, 'இல்லை' என்பதா, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பாவி, மீனின் தூக்கத்தைப் பற்றி மூன்று நாள் பேசியவன் நான்.

சாயங்காலம் போய்விட்டார். ஆஸ்பத்திரிப் பதிவுப் புத்தகத்தில் 'பெயர் தெரியாத ஆண்' என்று எழுதினார்கள். என்ன உறவு என்று கேட்டபோது, "ஒரே பெஞ்சு" என்றான் பிஷு. எந்த வீட்டிலோ யாராவது சோற்றை மூடிவைத்துக் காத்திருக்கிறார்களா, அதுவும் தெரியாது.

மறுநாள் பெஞ்சில் நாங்கள் இரண்டே பேர். ஒரு கேள்வியும் இல்லை. கடைசியில் நான் கேட்டேன்.

"பிஷு, உன் முழுப் பேரென்ன? வீடு எங்க?"

அவன் டீயைப் பாதியில் வைத்தான். "அடுத்தது நான்தான்னு முடிவே பண்ணிட்டியா?" என்றான். எழுந்து போனான். இருபது நாளாகிறது, இன்னும் வரவில்லை. எங்கே போய்த் தேடுவேன்?