மூலைமட்டம் பொறித்த மோதிரம்

1998. கணவர் ஏகாம்பரத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், பொன்னியிடம் அவள் அண்ணன் கண்ணாயிரம் ஏகாம்பரத்தின் பழைய மோதிரத்தைக் கேட்டார். பொன்னி பீரோவிலிருந்து எடுத்து வந்தாள். அதில் ஒரு மூலைமட்டமும் காம்பஸும் பொறிக்கப்பட்டிருந்தன.

"இது எங்க ரகசிய சபை மோதிரம்மா. வேலூர்ல பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடுவோம். வெளிய சொல்லமாட்டோம்னு சத்தியம்."

"கூடுவோமா? நீயுமா?"

அவர் தலையசைத்தார்.

ஊரே மலை சுற்றும் பௌர்ணமி நாளில் ஏகாம்பரம் மட்டும் வேலூர் பஸ் ஏறுவார். அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று பொன்னி நினைத்தாள். வேலூரிலேயே இருந்த அண்ணனை விசாரிக்கச் சொன்னாள். "கேக்காதம்மா, விட்டுடு" என்று மட்டும் அவர் சொன்னார். அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். பதினோரு வருஷம் கணவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

"இந்தப் படத்துக்கு என்னா அர்த்தம்?"

"மூலைமட்டம்னா நேர்மையா நடக்கணும். காம்பஸ்னா ஆசைய ஒரு வட்டத்துக்குள்ள வெச்சிக்கணும். மாப்ள அப்படித்தான் இருந்தாரு."

"நான் அவருகூடப் பேசலைனு உனக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும். எங்கிட்ட சொல்லி அழுவாரு."

பொன்னி மோதிரத்தை அவர் கையில் வைத்தாள். பிறகு உள்ளே போய், பிறந்த வீட்டுக் கோடியென்று காலையில் அவர் போட்ட புடவையை மடித்துக்கொண்டு வந்தாள்.

"இதையும் எடுத்துனு போ" என்றாள்.