உயிரோடு இருப்பதாக வைத்துக்கொண்டால்

புயலில் சிக்கிய ஸ்தமாதிஸின் மீன்பிடிப் படகு ஒரு வாரமாகியும் கிரேக்கத்தின் கலிம்னோஸ் தீவுக்குத் திரும்பவில்லை. அவன் மனைவி அரெத்தி, பள்ளியில் கணக்கு ஆசிரியை. துறைமுகத்தில் கொழுந்தன் லெஃப்டேரிஸ் அவளுக்குத் தைரியம் சொன்னான்.

“அண்ணன் எங்கயாவது கரை ஒதுங்கியிருப்பாரு, அண்ணி.”

“சரி, உயிரோட இருக்கார்னே வச்சுக்குவோம்,” என்றாள், வகுப்பில் பேசும் அதே நிதானத்தோடு. “இருந்தா, நேத்து மகளோட பெயர்த் திருநாளுக்கு, அவ பேருள்ள புனிதரோட நாளுக்கு, வருஷம் தவறாம வாழ்த்துற மாதிரி யார் போனையாவது வாங்கிப் பேசியிருப்பார். பேசலை. அப்போ நாம வச்சுக்கிட்டது தப்பு.”

“இதுலயுமா உங்க கணக்கு?”

“வேற எப்படி யோசிக்கிறதுன்னு எனக்குத் தெரியலையேப்பா.”

லெஃப்டேரிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு விம்மினான். அதைக் கேட்ட பிறகுதான், தான் சொல்லி முடித்தது என்னவென்று அரெத்திக்கு உறைத்தது. ஈர வலைக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து இருவரும் மாமியாரிடம் சொல்ல வீட்டுக்கு நடந்தார்கள்.