பதினாலாயிரம் கிலோமீட்டர்

மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததிலிருந்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தன் தலையில் விழுந்துவிடுமோ என்று மகனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் இரண்டு ஊர் விமான நிலையங்களையும் தட்டி, இடையே உள்ள தூரத்தைப் பார்த்துவிட்டு, கட்டிலருகே வந்து நின்றான்.

"பதினாலாயிரம் கிலோமீட்டர்மா! உனக்கு ஒண்ணுன்னா அவ எப்படி வந்து சேருவா? போகாதேன்னு சொல்லு."

அம்மா கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் ஏற்றிவைத்தாள். மாடியிலிருக்கும் அவனைக் கூப்பிட, நீளமான ஒட்டடைக் கம்பால் சீலிங்கை இடிப்பது அவள் வழக்கம். போன வாரம் வழுக்கி விழுந்தபோதும், கிடந்தபடியே கம்பு முறியும்வரை இடித்தாள். அவன் இறங்கவில்லை. கடைசியில் போன் போட்டதும், இரண்டு பஸ் மாறி ஓடிவந்தவள் மகள்தான்.

"அவ போவாடா. நானே அனுப்பி வைப்பேன்," என்றாள் அம்மா. "நீ அந்த போன்லயே, மாடியிலேருந்து இங்க எவ்வளவு தூரம்னு பாத்துச் சொல்லு!"